அவளை நடக்க வைத்த கதை

முப்பத்தொரு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தேன். ஊதலை வாயில் வைத்தால் மைதானமே ஓடும். ஓட மாட்டேன் என்கிற பயலை ஓட வைப்பதில் எனக்கு ஒரு திமிரே உண்டு. அப்பேர்ப்பட்டவன், என் வீட்டுக்காரியைத் தெருமுனை வரைக்கும் நடக்க வைக்க நாலு வருஷம் மல்லுக்கட்டினேன்.

அவளுக்குச் சர்க்கரை. கூடவே முழங்கால் வலி. உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னை முறைத்தார். தினமும் நடந்தால் இன்னும் பல வருஷம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார்கள், இல்லையென்றால் சீக்கிரமே படுக்கைதான், உங்களுக்கு நான் சொல்லணுமா சார் என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நடக்க மாட்டேன் என்று அவள் சொன்னதில்லை. நாளைக்கு என்பாள். நாளை வந்தால் தலை கனக்கிறது என்பாள். ஒருநாள் எரிச்சலில் உண்மையைக் கொட்டிவிட்டாள். கையில் ஒரு பை இல்லாமல், ஒரு சோலியும் இல்லாமல், சும்மா தெருவில் போய்விட்டுத் திரும்பி வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தித் தீர்த்தேன். கத்தி முடித்த பிறகுதான் நெஞ்சில் சுருக்கென்றது. அந்தப் பேச்சு அவளுடையது இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது.

அவள் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். பருத்திக் காட்டுக்கும் வீட்டுக்குமாக நாளெல்லாம் நடந்த கால். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒருநாள் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டு வந்தாள். வாத்தியார் வீட்டுப் பொம்பிளைக்குத் தெருவில் என்ன சோலி என்று வாசலில் நிறுத்தி வைத்தே கேட்டேன். அதற்கப்புறம் காய்கறி, பலசரக்கு, ரவிக்கைத் துணி வரைக்கும் என் சைக்கிளில்தான் வீட்டுக்கு வந்தது. எங்க வீட்டம்மாவுக்கு வாசப்படி தாண்ட வேண்டிய அவசியமே கிடையாது என்று ஆசிரியர் அறையில் பீற்றிக்கொள்வேன். கிறுக்குப்பயலுக்கு அது ஒரு பெருமை.

தனியாக நடக்கத்தானே கூச்சம், கூட்டமாகப் போனால் என்ன என்று யோசித்தேன். எங்கள் காலனியில் பிள்ளைகளைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தே கால் வீங்கிப்போன கிழடுகட்டைகளுக்குப் பஞ்சமில்லை. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். ஆம்பிளைகள் நாலு பேர் வந்தார்கள், அதுவும் அரசியல் பேசுவதற்காக. பொம்பிளைகள் எல்லாரும் ஒரே பதிலை வைத்திருந்தார்கள். சார் வீட்டு அக்கா வந்தால் நாங்களும் வருவோம் என்றார்கள்.

அதை அவளிடம் சொல்லிக் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. அதைப் பார்த்தே அவள் மனம் இரங்கியிருக்க வேண்டும். தை மாதத்தில் ஒருநாள் விடிந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். மகன் அனுப்பிய ஷூவைப் போட வெட்கப்பட்டு ரப்பர் செருப்பைத்தான் போட்டிருந்தாள்.

சொன்னபடியே ஆறு பொம்பிளைகள் வந்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆம்பிளைகளைக் கூட்டிக்கொண்டு நான் முன்னால் போனேன், அவர்கள் பின்னால் வந்தார்கள். எங்களுக்கு அதுதானே வழக்கம். கோயிலுக்குப் போனாலும் விசேஷ வீட்டுக்குப் போனாலும் நான் பத்தடி முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள். ஒருநாளும் திரும்பிப் பார்த்து நடந்தவனில்லை நான். கையை வீசுங்க, மூக்கால மூச்சை இழுங்க என்று மைதானத்தில் நிற்பது போலவே கத்திக்கொண்டு போனேன்.

கரிசலில் மனை போட்ட காலனி எங்களுடையது. மழைக்கு மண் உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், மேலே போட்ட ரோடும் கூடவே வெடிக்கும். கழுகுமலை பஸ் போகிற ரோட்டில் ஏறுகிற இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. நான் அதைத் தாண்டித்தான் போனேன். பார்த்து வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. பொம்பிளைகள் அதற்குள் அரட்டையை ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"பேசாம நடங்க" என்று திரும்பாமலே அதட்டினேன்.

டீக்கடைக்காரர் ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் திருப்பிய பிறகுதான் பார்த்தேன். வெடிப்பில் செருப்பு மாட்டி, ரோட்டில் ஒருக்களித்துக் கிடந்தாள். விழுந்ததும் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நடுரோட்டில் புருஷனைச் சத்தம் போட்டுக் கூப்பிட அவளுக்கு வராது. அடுக்களையிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில் இரண்டு தடவை "இந்தாங்க, இந்தாங்க" என்றாளாம். பிறகு கூட வந்த பொம்பிளைகள் எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டதைத்தான் நான் அதட்டி அடக்கியிருக்கிறேன்.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். உடனே எழுந்து நிற்கப் பழக வேண்டும் என்று சொல்லி வாக்கர் கொடுத்து அனுப்பினார்கள். அவள் அதைத் தொடவில்லை. காலனிப் பொம்பிளைகள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்தார்கள். நடந்து என்னத்தக் கண்டாவ, இடுப்பை ஒடிச்சிக்கிட்டதுதான் மிச்சம் என்று என் காதுபடவே பேசிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் எங்கள் காலனியில் யாரும் நடக்கவில்லை. போய்க் கூப்பிட எனக்கும் முகமில்லை.

மாதங்கள் ஓடிவிட்டன. பிசியோதெரபி தம்பி வந்து காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, இந்த ஒரு மாதத்துக்குள் தரையில் காலை ஊன்றாவிட்டால் அப்புறம் முடியவே முடியாது என்று என்னிடம் தனியாகச் சொன்னான். அன்று சாயங்காலம் கட்டில் பக்கத்தில் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். ஜன்னல் வரைக்கும் நாலு எட்டு, நான் பிடிச்சிக்கிடுதேன் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"வெளிய போகாதன்னு சொன்னீங்க, நாப்பது வருஷம் போகல. நடன்னு சொன்னீங்க, நடந்தேன். இனிமே என்னைய ஒண்ணும் சொல்லாதீங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தம்பி கொடுத்த ஒரு மாதம் போன வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது.