வெப்பம் கசிந்த இடங்கள்

சூடான காற்றுக் குழாயிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி உள்ளங்கையை நீட்டியபடி அடுப்பறை அக்கா மெல்ல நடந்து வந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. ஓரிடத்தில் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "இங்க பாரு கண்ணு, இதுலதான் சூடு நொம்பப் போவுது. நாம கொட்டையக் காயவெக்கல, மலையக் காயவெச்சுட்டிருக்கறோம்" என்றார். சுண்ணாம்புக் கட்டியால் அந்த இடத்தில் வட்டமிட்டேன். அன்று மட்டும் பதினேழு வட்டங்கள்.

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகும் வழியில் இருந்த அந்தக் காப்பிக்கொட்டை உலர்த்தும் ஆலையில் நான் பொறியாளராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. விறகையும் மின்சாரத்தையும் குறைப்பதுதான் எனக்கு இட்ட வேலை. அடுப்பறையில் மூன்று பெண்கள் முறைவைத்து விறகு தள்ளினார்கள். அக்கா அவர்களில் ஒருவர். என்னைவிட ஐந்தாறு வயது கூடுதல். கணவர் இறந்துவிட்டார். மகள் சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். நனைந்த விறகு தன் ஈரத்தைக் காயவைக்கவே பாதிச் சூட்டைத் தின்றுவிடுகிறது, அதற்கு ஒரு கூரை போடுங்கள் என்று சொன்னதும் அவர்தான்.

கூரை போட்டோம். கசிவுகளை அடைத்தோம், குழாய்களுக்குச் சூடு காக்கும் பஞ்சு சுற்றினோம். ஐந்து லாரி விறகு எரிந்த இடத்தில் மூன்று போதுமானதாயிற்று. முதலாளிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்ததாக, ஓடையோரம் கொட்டி நாறிக்கொண்டிருந்த காப்பித் தொலியையே காயவைத்து எரிக்கும் இயந்திரத்துக்குத் திட்டம் கேட்டார். தொலியை அது தானே அடுப்புக்குள் தள்ளிக்கொள்ளும். மரம் வெட்ட வேண்டாம், ஓடையும் தெளியும். நல்ல திட்டம். இன்றும் அப்படித்தான் சொல்வேன். அதன் கடைசிப் பக்கத்தில், அடுப்பறைக்கு இனி ஓர் ஆள் போதும் என்றும் எழுதினேன். மற்ற இருவருக்கும் கொட்டை பொறுக்கும் பிரிவில் இடம் கொடுக்கலாம் என்று இன்னொரு வரி சேர்த்திருக்கலாம். முதலாளியே பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அல்லது நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

மூவரில், இயந்திரத்தின் திரையைப் படிக்கத் தெரிந்த சின்னப் பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வேலை போன அன்று அக்கா என் அறைக்கு வந்தார். வெளியே பனிமூட்டம். உட்காரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார்.

"ஏங்கண்ணு, நாந்தான ஓட்டையெல்லாம் காட்டுனேன்?"

கோபத்தில் கேட்கவில்லை. தான் நினைவில் வைத்திருப்பது சரிதானா என்று பார்ப்பவர்போலக் கேட்டார். "ஆமாங்க்கா. முதலாளிகிட்ட நான் பேசறேன்" என்றேன். "பேசு சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். பேசினேன். கொட்டை பொறுக்கும் பிரிவில் ஏற்கெனவே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்றார் முதலாளி. இரண்டாவது முறை நான் கேட்கவில்லை.

அக்கா தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனார். மகளின் படிப்பு பாதியில் நின்றது. இதெல்லாம் பிறர் சொல்லித்தான் தெரியும். நான் போய்ப் பார்க்கவில்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் ஆலையைப் பார்க்க வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். விறகில்லாத ஆலை என்று இப்போது பலர் வருகிறார்கள். சுற்றிக் காட்டிவிட்டு, ஏற்காட்டில் அவர் தங்கவிருந்த லாட்ஜுக்கு அழைத்துப் போனேன். வரவேற்பு மேசையில் அக்காவின் மகள் உட்கார்ந்திருந்தாள். ஆலைக்கு அம்மாவைப் பார்க்க வந்துபோன முகம், உடனே தெரிந்தது.

"அம்மா எப்படிம்மா இருக்காங்க?"

"இருக்கறாங்க மேடம். முழங்காலுதான் முடியல. பழம் எடுக்கப் போயிட்டுத்தான் இருக்கறாங்க."

பதிவேட்டில் அவள் எழுதத் தொடங்கினாள். அதிகாரி என் பக்கம் திரும்பி, "அத்தனை கசிவையும் ஒரு கருவியும் இல்லாமலே எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? யாரோட யோசனை?" என்றார்.

"எங்க டீம்தான் சார்" என்றேன்.

அவள் பேனா ஒரு கணம் நின்றது. மீதியை எழுதி முடித்துவிட்டு, அவரிடம் சாவியை நீட்டினாள். "மாடி ரூமுங்க சார். வெந்நீ காலைல ஆறுலருந்து எட்டு வரைக்குந்தான் வரும்" என்றாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.