தூக்கிய கை

அவனைத் துப்பாக்கி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வாழ்நாளில் அவன் யாரையும் சுட்டதில்லை, மிரட்டியதுகூட இல்லை. பந்தயக் கார் ஓட்டத்தின் நடுவே உள்ளே வந்து நிற்கிற இரண்டு மூன்று நொடிக்குள், முன்பக்க வலது சக்கரத்தின் ஒற்றை நட்டைக் கழற்றி, புதுச் சக்கரம் ஏறியதும் திரும்ப முடுக்குவது அவன் வேலை. கையில் பிடித்திருக்கும் அந்தக் காற்று யந்திரத்துக்குத்தான் துப்பாக்கி என்று பெயர். நாளடைவில் யந்திரத்தின் பெயர் ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. நட்டு இறுகியதும் கையை உயரத் தூக்க வேண்டும். முன்னால் ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்து நிற்கும் ஜாக்கிக்காரர் வேறெதையும் பார்க்க மாட்டார், கையை மட்டுமே பார்ப்பார். கை மேலே போனால் வண்டி கீழே இறங்கும். இடையில் பேச்சே கிடையாது. பதினோரு வருஷமாகத் தூக்கித் தூக்கி அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வீட்டில் சாப்பாடு போதும் என்றாலும் கைதான் மேலே போகும்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? போதும்னா போதும்னு சொல்லேன்டா!" என்று அக்கா கரண்டியாலேயே அந்தக் கையைத் தட்டிவிடுவாள்.

அக்கா என்றால் அவனுக்கு எல்லாமே. அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினேழு. கல்யாணப் பேச்சு வந்தபோது, "என் தம்பியும் கூடவே வருவான். சம்மதம்னா தலையை நீட்டுறேன்" என்று சொன்னவள் அவள். சம்மதம் என்று கட்டிக்கொண்ட மனிதர்தான் மாமா. கார் ஆலையில் கதவு பொருத்தும் வரிசையில் இருந்தார். வளர்ந்த மச்சானை அதே கம்பெனியின் பந்தயப் பட்டறையில் சேர்த்துவிட மேலதிகாரி வாசலில் ஒரு மாதம் தவம் கிடந்தவரும் அவர்தான்.

ஆலைக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு சாலை. இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் துப்பாக்கி. இடைவேளையில் இரண்டு பேரும் அவரவர் வாசலில் நின்று, லாரிகளுக்கு மேலாகக் கத்திப் பேசிக்கொள்வார்கள். எந்த வருஷமும் வராத மந்தம் வருகிறவரை அப்படித்தான் இருந்தது.

கார் வாங்க ஆளில்லை. விற்காத வண்டிகள் ஆலை மைதானத்தில் வரிசை வரிசையாய் நின்று தூசி குடித்தன. மூன்று ஷிஃப்ட் இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனித் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றித் தலை குனிந்தார். "கனத்த மனதுடன் பந்தயத்திலிருந்து விலகுகிறோம்." அடுத்த பருவத்துக்காக இரண்டு வருஷம் உழைத்துக் கட்டிய புது வண்டி பட்டறை நடுவில் நின்றது. ஓரடிகூட ஓடாத வண்டி. அதன் நுட்பம் வேறு கம்பெனியின் கைக்குப் போகக் கூடாதாம், நொறுக்கிவிட வேண்டுமாம். அதைக் கேட்டதும் ஜாக்கிக்காரர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

சாலைக்கு எதிர்ப்புறம் ஆலைக்காரர்கள் கைதட்டினார்கள். பந்தயச் செலவு மிச்சமானால் தங்கள் வயிறு பிழைக்கும் என்று நம்பினார்கள். வியாழக்கிழமை ஆலைச் சுவரில் நீக்கப்பட்டோர் பட்டியல் தொங்கியது. கதவு வரிசையில் எட்டாவது பெயர் மாமாவுடையது.

அதே வியாழக்கிழமை துப்பாக்கியின் கைக்கு ஒரு கடிதம் வந்தது. ஒன்றாம் தேதி முதல் கதவு பொருத்தும் வரிசையில் சேரவும் என்று இருந்தது.

மறுநாள் காலையிலேயே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் அவன் செய்த முதல் தப்பு. சட்டையைத் துவைக்க எடுத்த அக்கா பையில் கை விட்டாள். படித்தாள். முகம் செத்துப்போனது. அவள் மறைப்பதற்குள் மாமா அதைப் பிடுங்கிவிட்டார்.

"ஓஹோ! ஊரெல்லாம் பேசிக்கிறது நிஜம்தானா? ரேஸ்காரனை எங்க இடத்துல உட்கார வைக்கிறாங்களாமே! அது என் வீட்டுலயே உட்கார்ந்து என் சோத்தைத் தின்னுக்கிட்டிருக்கா?"

"மாமா, நான் போக மாட்டேன். நாளைக்கு எழுதிக் குடுத்திடறேன்..."

"எதுக்குடா ஒளிச்சு வச்சே?"

சாப்பாட்டுத் தட்டு பறந்து வந்து சுவரில் மோதியது. அடுத்து ஓர் அறை அவன் கன்னத்தில் இடியாய் இறங்கியது. மாமா நல்ல உடம்புக்காரர். இருபது வருஷம் கார்க் கதவு தூக்கிய தோள். கழுத்தைப் பிடித்து அலமாரியோடு சேர்த்து அழுத்தினார். கண்ணாடிக் கதவு உடைந்து முதுகில் குத்தியது. துப்பாக்கியின் வலது கை முஷ்டியாய் இறுகியது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். பாய்ந்து வந்து அந்த முஷ்டியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"தம்பி! அவர் அடிப்பார், நீ வாங்கிக்கோ. அவர் வயிறு எரியுது, அடிக்கிறார். உன் கை மட்டும் அவர் மேல படக் கூடாது. பட்டுதுன்னா, அன்னைக்கோட நான் உனக்கு அக்கா இல்லை. சத்தியம் பண்ணு!"

உதடு கிழிந்து ரத்தம் ஒழுக, அவன் சத்தியம் செய்தான்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். இரும்புத் தடி, குழாய், கல். "எங்க வேலையைத் திருடின பசங்களை வெளியே அனுப்பு!" என்ற கூச்சலில் ஷட்டர் நடுங்கியது. மண்டை உடைந்த காவலாளி ஒருவரை உள்ளே தூக்கி வந்தார்கள். போலீஸ் வந்துகொண்டிருக்கிறது என்று அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பின்கதவில் லாரி வந்து நின்றது. புது வண்டியை நொறுக்க எடுத்துப்போகும் லாரி. சக்கரம் மாட்டினால்தான் உருட்டி ஏற்ற முடியும்.

"எப்படியும் நொறுக்கத்தானே போறாங்க? வெளியே நிக்கிறவங்ககிட்டயே குடுத்திடலாமே" என்றான் ஒருவன்.

ஜாக்கிக்காரர் அவனை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். "என் பொணத்தை எடுக்கிறதுன்னாலும் முறையா எடுக்கணும்டா. ரேஸ்ல மாத்துற மாதிரி மாத்துவோம். கடைசித் தடவை. துப்பாக்கி, வா!"

வண்டி ஜாக்கியில் ஏறியது. நாலு பக்கமும் நாலு துப்பாக்கிகள் சீறின. பின்பக்கம் இரண்டு கைகளும் ஒன்றாய் எழுந்தன, பின்ஜாக்கி இறங்கியது. முன்பக்க இடது கையும் மேலே போயிற்று. நம் துப்பாக்கியின் நட்டு மட்டும் மரையில் ஏறாமல் கோணிக்கொண்டது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. கழற்றினான். மறுபடி வைத்தான்.

அப்போதுதான் ஷட்டர் கிழிந்து விழுந்தது.

கூட்டம் வெள்ளமாய் உள்ளே பாய்ந்தது. கணினித் திரைகள் சிதறின. எண்ணெய்ப் பீப்பாய் உருண்டு தரையெல்லாம் வழுவழுத்தது. பட்டறைக்காரர்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு எதிர்த்தார்கள். ஒருவன் தாடை பெயர்ந்து சுருண்டான், இன்னொருவனின் காதோரம் குழாய் இறங்கியது. யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. எல்லார் மார்பிலும் ஒரே கம்பெனியின் சின்னம்தான் இருந்தது.

முன்வரிசையில் மாமா வந்தார். கையில் கதவுச் சட்டம் நிமிர்த்துகிற கடப்பாரை. முதல் அடி வண்டியின் மூக்கிலிருந்த சிறகுத் தகட்டில் விழுந்து அதை இரண்டாய்ப் பிளந்தது. இரண்டாவது அடி துப்பாக்கியின் இடது தோளில் விழுந்தது.

"எழுந்திருடா! ஆம்பளையா இருந்தா எழுந்து நில்லு!"

அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கை வைத்துவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும். கையில் பாறாங்கல் கனத்துக்கு யந்திரம் இருக்கிறது. ஒரு வீச்சு போதும். சத்தியம், சத்தியம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பார்வையை நட்டிலேயே வைத்தான். மூன்றாவது அடி நெற்றியை உராய்ந்து போனது. ரத்தம் இரண்டு கண்ணையும் மூடியது.

"அடிங்க மாமா, அடிங்க! நான் திருப்பி அடிக்க மாட்டேன்!"

அந்தச் சொல்தான் மாமாவை வெறியனாக்கியது. கடப்பாரையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கினார். முழு பலத்தோடு வீசினார். எண்ணெயில் கால் வழுக்கியது. அடி காற்றில் போக, மல்லாக்க விழுந்தவரின் வலது கால் சறுக்கிக்கொண்டு, தூக்கி நின்ற வண்டியின் அடித்தகட்டுக்குக் கீழே முழங்கால்வரை போய்விட்டது.

துப்பாக்கி அதைப் பார்க்கவில்லை. ரத்தத்தில் கண் இருண்டிருந்தது. அதே நொடியில் விரலுக்கடியில் மரை பிடித்தது. நட்டு ஏறியது. யந்திரம் சீறி நின்றது.

கை மேலே போயிற்று.

யோசித்துத் தூக்கிய கை இல்லை அது. ஜாக்கிக்காரரும் யோசிக்கவில்லை. கண்ணெதிரே முந்நூறு பேர் வெட்டிக்கொண்டாலும் அவர் பார்வை அந்த ஒரு கைக்காகத்தான் காத்திருந்தது. கைப்பிடியை விட்டார்.

வண்டி இறங்கியது.

பச்சை மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடித்ததுபோல ஒரு சத்தம். அதன் பிறகு மாமா போட்ட அலறலில் கூட்டத்தின் தடிகள் அந்தரத்தில் நின்றன. துப்பாக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். தூக்கிய கை அப்போதும் தலைக்கு மேலேயே இருந்தது.

"ஏத்துங்க! ஐயோ, ஏத்துங்க!"

ஜாக்கிக்காரர் கைப்பிடியில் முழு உடம்பையும் போட்டு அழுத்தினார். வண்டி எழுந்ததும் துப்பாக்கி மாமாவை வெளியே இழுத்து, சட்டையைக் கிழித்துத் தொடையில் இறுகக் கட்டினான். பாதம் எந்தத் திசையைப் பார்த்துக் கிடந்தது என்பதை எழுதாமல் விடுவதே மரியாதை.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நடைபாதை முனையில் அக்கா நின்றாள். புடவை முந்தானை வாயில். தலையில் கட்டோடு நின்ற தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தாள்.

"கை வச்சியா?"

"வைக்கலைக்கா. நட்டு இறுகிச்சு... தூக்கினேன். அவர் கீழே இருந்தது எனக்குத் தெரியாதுக்கா."

அவள் மாறி மாறி அறைந்தாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாங்கினான். அடித்து ஓய்ந்தவள், "போ. என் கண்ணு முன்னால நிக்காதே" என்று திரும்பிக்கொண்டாள்.

உள்ளே கட்டிலோரம் போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தை விரித்து, யார் செய்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "யாரும் செய்யலை சார். நான் அடிக்கப் போனேன், வழுக்கி விழுந்தேன். அவ்வளவுதான்."

அந்த வண்டி அன்று மாலையே போயிற்று. அடித்தகட்டில் மாமாவின் ரத்தம் காய்ந்திருந்தது. நொறுக்கும் யந்திரத்தின் தாடைகள் வண்டியை ஒரு டிரங்குப் பெட்டி அளவுக்கு மடித்துத் துப்பின. கடிதத்தை நாலாய்க் கிழித்து ஆலை அலுவலக மேஜையில் வைத்துவிட்டு, துப்பாக்கி நெடுஞ்சாலையோரம் தகரக் கொட்டகை போட்டு டயர் கடை தொடங்கினான். தினமும் கடை திறக்குமுன் அக்கா வீட்டுத் தெருமுனைவரை போவான். கதவு சாத்தியிருக்கும். திரும்பிவிடுவான். பதினோரு மாதம் அப்படியே போயிற்று.

ஒரு நாள் ஊன்றுகோல் தட்டுகிற சத்தம் கேட்டது. மாமா வந்து, அடுக்கியிருந்த டயர்மேல் மூச்சு வாங்க உட்கார்ந்தார். அவன் உறைந்துபோய் நின்றான்.

"என்னடா மச்சான், பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறே? பேய்க்குக் கால் இருக்காது. எனக்கு ஒண்ணு மிச்சம் இருக்கு."

"மாமா..."

"வீட்டுல உட்கார்ந்து உட்கார்ந்து உன் அக்காகிட்ட திட்டு வாங்க முடியலை. அந்த ஜாக்கியை இப்படித் தள்ளு, நான் பிடிச்சுக்கிறேன். ஒரு கண்டிஷன். நீ கையைத் தூக்கினா நான் இறக்க மாட்டேன். வாயைத் திறந்து சொல்லணும்."

அன்றிலிருந்து அவர்தான் அங்கே ஜாக்கிக்காரர். நட்டு இறுகியதும் துப்பாக்கியின் கை மேலே எழப் பார்க்கும். இடது கையால் அதைப் பிடித்து இறக்கிக்கொண்டு, "இறக்குங்க மாமா" என்பான். அப்போதும் மாமா உடனே இறக்க மாட்டார். ஊன்றுகோலில் சாய்ந்து குனிந்து, வண்டிக்கு அடியில் ஒரு தடவை பார்ப்பார். பிறகுதான் இறக்குவார்.

மதியம் அக்கா தூக்குப் பாத்திரத்தோடு வருவாள். தம்பி நிற்கிற பக்கம் திரும்ப மாட்டாள்.

"அவனைச் சாப்பிட வரச் சொல்லுங்க."

"ரெண்டடியில நிக்கிறான். நீயே சொல்லேன்டி."

"நான் உங்ககிட்டதான் சொல்றேன்."

அவன் வந்து உட்காருவான். அவள் பேசாமல் பரிமாறுவாள். ஒரு நாள், வயிறு நிறைந்ததும் பழைய ஞாபகத்தில் அவன் கை தானாக எழுந்தது. எழுந்ததும் அவனுக்கே முகம் வெளுத்துவிட்டது. 

அக்கா கரண்டியைத் திருப்பிப் பிடித்து அந்தக் கையை நறுக்கென்று தட்டினாள்.

"வாயால சொல்லு" என்றாள்.