கறுத்த வெள்ளி

என்னிடம் ஏழு மெக்சிகோ வெள்ளி நகைகள் இருக்கின்றன. மஞ்சக்குப்பத்தில் அரசாங்க ஃபைல்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்கும் பதில் தெரியாது. பாண்டிச்சேரியில் பழைய சாமான் கடைக்குக் குத்துவிளக்கு பார்க்கப் போனவள், சேலையில் குத்துகிற ஊசி நகை ஒன்றைக் கையில் எடுத்தேன். கீழே வைக்க மனம் வரவில்லை. பின்பக்கம் ஒரு சின்னக் கழுகு முத்திரையும் மெக்சிகோ என்ற பெயரும் இருந்தன. அப்புறம் செல்போனில் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தேன். எல்லாமே எனக்கு முன்னால் பிறந்தவை.

நம் நகைகளில் பூவோ மாங்காயோ மயிலோ இருக்கும். இவற்றில் ஒன்றும் இருக்காது. ஒரு வளைவு, ஒரு குழி, அவ்வளவுதான். ஏழாவதாக வாங்கிய பிரேஸ்லெட்டில் அலை அலையாகக் கண்ணிகள். நகையைச் செய்தவரே குழிகளைக் கறுப்பாக்கி வைத்திருந்தார். அந்தக் கறுப்பு இருந்தால்தான் மேடு எழுந்து நிற்கும். சேகரிப்பவர்கள் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள்.

அதை வாங்கியது போன வருடம், மார்பிலிருந்து ஒரு கட்டியை எடுத்த பிறகு, வீட்டில் படுத்துக் கிடந்தபோது. சிதம்பரத்தில் இருக்கும் என் தங்கைதான் வந்து கூடவே இருந்தாள். மதியத்தில் அவள் கண் அயர்ந்ததும் பிரேஸ்லெட்டை நெஞ்சின் மேல் வைத்துக்கொள்வேன். மூச்சுக்கு ஏற்ப அலைகள் ஏறி இறங்கும். ஜன்னல் வெளிச்சம் மேடுகளில் ஓடும், குழிகளில் நின்றுவிடும். பார்த்தே இராத ஒரு மலையூர் தெரியும். வெள்ளைச் சுவர்கள், பட்டறைச் சத்தம், கையை நீட்டி அளவு கொடுக்கும் ஒருத்தி. அவள் முகம் தெரிவதற்குள் நான் தூங்கியிருப்பேன். அந்த மதியங்களில் எனக்கு வலியே தெரிந்ததில்லை. பிறகு செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் மாட்டிக்கொண்டு போனேன்.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்யத் தங்கை வந்தாள். ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால், குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ் எல்லாம் கூடத்தில் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் என் பிரேஸ்லெட். விபூதி போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் குழி குழியாகத் தேய்த்திருந்தாள். பொட்டுக் கறுப்பு இல்லை. நேற்றுத்தான் கடையில் வாங்கியது மாதிரி இருந்தது.

"அறிவிருக்காடி ஒனக்கு? யாரு தேய்க்கச் சொன்னா?" என்று கத்தினேன்.

அவள் எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். பொங்கலன்று போனும் வரவில்லை. நானும் செய்யவில்லை, எனக்கு வீம்பு ஜாஸ்தி.

பத்து நாள் தாக்குப் பிடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. பிரேஸ்லெட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வெள்ளாற்றுப் பாலத்தில் போகும்போது விரல் தானாக அதைத் தடவியது. யாருடையதோ போல வழுவழுவென்று இருந்தது.

தங்கை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"மத்த ஆறையும் நான் தொடவே இல்லக்கா. ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கினு போவியே, அதை மட்டுந்தான். ஒடம்புல கோளாறு இருந்தா வெள்ளி கறுக்கும்னு சொல்வாங்கள்ல? ஒன் கையில இருந்தப்ப நான் சரியா பாக்கல. அன்னிக்கு எடுத்துப் பாத்தா குழியெல்லாம் அப்டி கறுத்துக் கெடக்குது. மறுபடியும் வந்துடுச்சோன்னு பயந்துட்டேன். தேய்ச்சா போவுதான்னு பாக்க ஒக்காந்தேன். கறுப்பு போவப் போவத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

"செஞ்சவனே வெச்ச கறுப்புடி அது."

"அப்டியா?" என்றாள். நம்பவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி ஒவ்வொரு குழியாகப் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகுதான் அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் அழுதேன்.

இப்போது குழிகளில் மெல்லக் கறுப்பு ஏறிவருகிறது. வெள்ளி என்றால் ஏறத்தான் செய்யும், கடல்காற்று வேறு. சேகரிக்கிறவளுக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. ஆனாலும் சிதம்பரம் போகிற நாளில், காலையில் முதல் வேலையாக விபூதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு குழி விடாமல் நானே தேய்த்த பிறகுதான் பஸ் ஏறுகிறேன்.