பூச்சு காயும் நேரம்

அரெகிப்பா நகரில் பள்ளிச் சீருடை தைத்தே காலம் தள்ளிய ஒத்திலியா, கண் மங்கத் தொடங்கியதும் ஊசியை விட்டு வாட்டர்கலர் தூரிகையைப் பிடித்தாள். ஞாயிறுதோறும் கணவன் ஃபெர்மின் தன் டாக்சியில் அவளைச் சாராகாத்தோ வயல்மேட்டுக்கு அழைத்துப் போவான். வீட்டில் இருவருக்கும் பேச்சு குறைந்துபோயிருந்தது. மகள் யோவானா ஒரு மீனவனைக் கட்டிக்கொண்டு கடலோர இலோவுக்குப் போனதிலிருந்து அவள் பெயரையே ஃபெர்மின் எடுப்பதில்லை.

எதிரே தெரியும் மிஸ்தி மலையை ஒத்திலியா ஒரேயடியாக வரைந்துவிட மாட்டாள். முதலில் தாள் முழுக்க வெளிறிய மஞ்சள். அது காய்ந்தபின் சரிவுகளுக்குச் சாம்பல்நீலம். அதுவும் காய்ந்த பிறகுதான் பள்ளங்களுக்குக் கருநீலம். அவசரப்பட்டால் எல்லாம் கலந்து சேறாகிவிடும்.

"இன்னுமா முடியல? இந்நேரத்துக்கு நான் வீட்டுக்கே வெள்ளையடிச்சிருப்பேன்" என்றான் ஃபெர்மின்.

"அடிச்சியே போன வருஷம். பாதிச் சுவத்தோட நிக்குது."

சிரித்துக்கொண்டே அவித்த சோளமும் சீஸுமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மஞ்சள் காயும்வரை டாக்சியின் கிளட்சைப் பற்றிப் புலம்பினான். அவள் நீலம் பூசியதும் மலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"இலோவுல இப்ப மீன் சீசன்தானே?"

"ஆமா. மாப்பிள்ளை விடியறதுக்கு முன்னாடியே படகுல போயிடறானாம்."

"அப்ப அவ தனியாவா இருக்கா, வயித்துல புள்ளையோட?"

"புள்ளை விஷயம் உனக்கு யாரு சொன்னா?"

"நீ போன்ல பேசினா தெருவுக்கே கேக்குதே."

அந்த வெயிலில் தாள் மளமளவென்று காய்ந்துவிடும். ஒத்திலியா பலகையைத் தூக்கி யூகலிப்டஸ் நிழலில் சாய்த்துவைத்தாள்.

"வெயில்ல இருந்தா சீக்கிரம் காயுமே, கிழவி?"

"மெதுவாவே காயட்டும். நீ சொல்லு."

சொன்னான். கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டில் கிடந்தது, கோபம் போன பிறகும் எப்படிப் பேச ஆரம்பிப்பதென்று தெரியாமல் விழித்தது, எல்லாம். நீலம் எப்போதோ காய்ந்துவிட்டது. அவள் தூரிகையைத் தொடவில்லை.

"உன் போனைக் குடு. என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டா."

"எடுப்பா. உன்னோடதுலயே கூப்பிடு."

வாய்க்கால் ஓரமாக நடந்துபோனான். "யோவானா, அப்பா பேசறேன்மா" என்பது மட்டும் அவள் காதில் விழுந்தது. ஒத்திலியா பெரிய தூரிகையைக் கருநீலத்தில் தோய்த்தாள். எப்போதும் பார்த்துப் பார்த்து வைக்கிறவள், உச்சியிலிருந்து அடிவாரம்வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். ஓரம் பிசிறியது. திருத்தாமல் விட்டுவிட்டாள்.

பிரசவத்துக்கு இருவரும் பஸ்ஸில் இலோ போனார்கள். படத்துக்குச் சட்டம் போட்டு மடியில் வைத்துக் கொண்டுபோனது ஃபெர்மின்தான். மருமகன் அதைத் தொட்டிலுக்கு மேலே மாட்ட, "கோணலா இருக்குப்பா, இடது பக்கம் தூக்கு" என்று கீழே நின்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தான்.