ராலியா, ரொச்செஸ்ரரா

வேரோனிக்காவுக்கு வேலை போனது தொண்ணூற்றாறாம் ஆண்டு. அரசாங்கம் ஆஸ்பத்திரிச் செலவுகளை வெட்டிய நேரம். கடைசியாகச் சேர்ந்தவர்களைத்தான் முதலில் நிற்பாட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் நேர்ஸாக இருந்தவள் அவள். ரொறன்ரோவுக்கு வந்து, பார்க்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டே திரும்பப் படித்து, ஒரு முறை தவறி, மறுமுறை பாஸ் பண்ணி, மீண்டும் நேர்ஸாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

அந்த நாட்களில் அமெரிக்க ஆஸ்பத்திரிக்காரர் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல்களில் வந்திருந்து, வேலை இழந்த நேர்ஸ்மாரைப் பிடித்தார்கள். வேரோனிக்காவும் கணவரோடு போனாள். இரண்டு ஊர்களில் இருந்து கூப்பிட்டார்கள். ஒன்று தெற்கே வட கரோலினாவில் ராலி. மற்றது ரொறன்ரோவை ஒட்டிய ஏரிக்கு அந்தப் பக்கம் ரொச்செஸ்ரர். இரண்டும் ரொறன்ரோ அளவுக்கு இரைச்சலில்லாத, அளவான ஊர்கள்.

"உங்களுக்கு விசா பிரச்சினையில்லை. கணவரும் வந்து இருக்கலாம். ஆனால் அவர் அங்கே வேலை செய்ய முடியாது" என்று ஹோட்டலில் ஆள் எடுக்க வந்திருந்த வெள்ளைக்காரப் பெண் அவளையும் கணவர் சூசைதாசனையும் பார்த்துச் சொன்னாள்.

சூசைதாசன் சிரித்தார். ஸ்காபரோவில் கார்ச் சாமான் செய்யும் பக்டரி ஒன்றில் அவருக்கு வேலை.

"அதுக்கென்ன, நான் ரெஸ்ற் எடுக்கிறன்" என்றார்.

வேரோனிக்கா அதை நம்பினாள்.

அன்றிலிருந்து வீட்டில் இந்த இரண்டு ஊர்களும்தான் பேச்சு. பிளாசாத் தேத்தண்ணிக் கடையில் கேட்டுக்கொண்டு வருவதையெல்லாம் சூசைதாசன் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் கொட்டுவார். கடையில் இருந்தவர்கள் ஒருவரும் இரண்டு ஊரையும் கண்டதில்லை.

"ராலியிலை வெக்கையாம். ஏசி இல்லாட்டி அவிஞ்சுபோவமாம். சேர்ச்சிலை தமிழ்ப் பூசையும் இல்லையாம்."

ஆஸ்பத்திரி டிக்கெற் அனுப்பியது. வேரோனிக்கா தனியே ராலிக்குப் போய்வந்தாள். ஊர் முழுக்க நெட்டைப் பைன் மரங்கள். ஒரு நேர்ஸுக்கு ஐந்து நோயாளிகள்தான். தலைமை நேர்ஸ் அவளுடைய முழுப்பெயரையும் எப்படிச் சொல்வது என்று கேட்டு, அதன்பிறகு ஒரு தடவைகூடப் பிழைவிடவில்லை. அவள் சுப்பர் மார்க்கெற்றுக்கும் போய் மீன் எப்படி என்று பார்த்தாள். பரவாயில்லை.

எல்லாவற்றையும் வந்து சொன்னாள். சூசைதாசன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேரை ஒருத்தி சரியாச் சொன்ன உடனை ஊர் நல்லாப்போச்சு. ரொச்செஸ்ரர் எண்டால் மூண்டு மணித்தியாலம். கலியாணம், செத்தவீடு எண்டால் ஓடி வரலாம். ராலியிலையிருந்து வாறதெண்டால் நாள் முழுக்க ஓடவேணும். யோசியும்."

அவள் யோசித்தாள். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ராலிக்குப் போன் எடுத்து, மன்னிக்கச் சொல்லி, வரவில்லை என்றாள். வைத்த பிறகு கொஞ்ச நேரம் போனுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

இலை உதிர்ந்து முடியும் காலத்தில் மகளோடு மூன்று பேருமாக ரொச்செஸ்ரர் பார்க்கப் போனார்கள். நகரின் நடுவில் சனிக்கிழமையிலும் சனமில்லை. மூடிய பக்டரிகள், ஏரிக்காற்று. ஆனாலும் ஆஸ்பத்திரி திறம். அங்கு வேலை செய்யும் மலையாள நேர்ஸ் ஒருத்தி தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். அந்தத் தெருவில் வாடகைக்கு ஒரு பழைய மரவீடு இருந்தது. மகள் செலீனுக்குப் பன்னிரண்டு வயது. அப்பார்ட்மென்றைத் தவிர வேறெதிலும் இருந்ததில்லை. படிகளில் ஏறி இறங்கி, "அம்மா, we can have an upstairs!" என்று கத்தினாள்.

திரும்பி வரும்போது, எல்லைப் பாலம் தாண்டியதும் சூசைதாசன் தொடங்கினார்.

"உதென்ன ஊர்? இஞ்சை இருக்கிற குளிர்தானே அங்கையும். குளிரிலையிருந்து குளிருக்குப் போறதுக்கு ஏன் வீடு மாறுவான்? போறதெண்டால் ராலி மாதிரி ஒரு இடத்துக்குப் போகவேணும்."

வேரோனிக்கா அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ராலியை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். உங்கட கதையைக் கேட்டுத்தான் சொன்னனான்."

"நான் யோசியும் எண்டுதான் சொன்னனான். நீர் அவசரப்பட்டிட்டீர்."

இந்த மனிதருக்கு எந்த ஊரும் ஊரில்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ரொச்செஸ்ரரைக் காட்டி ராலியைத் தட்டிவிட்டார். இப்போது ராலியைக் காட்டி ரொச்செஸ்ரரைத் தட்டுகிறார்.

"அங்கை உங்களை வேலை செய்ய விடாங்கள். அதுதானே?"

அவர் றோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "மனிசியின்ர உழைப்பிலை இருந்து சாப்பிடச் சொல்லுறீரோ?" என்றார். "எனக்கு வெக்கமில்லையோ?"

கிழவிகளுக்குக் கால் கழுவி இந்தக் காருக்குக் காசு கட்டும்போது வராத வெட்கமா என்று கேட்க அவளுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. பின்சீற்றில் செலீன் விழித்திருந்தாள். விழுங்கிக்கொண்டாள்.

செலீனைக் கூட்டிக்கொண்டு தனியே போய்விடலாம் என்றும் நினைத்துப் பார்த்தாள். புருசனை விட்டுப் போனவள் என்ற பெயர் ரொறன்ரோவில் இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் போகும். அவளுடைய தாய் அப்போது அங்கே உயிரோடு இருந்தாள். ரொச்செஸ்ரருக்கு ஓமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் இழுத்தாள். அவர்கள் வேறொருத்தியை எடுத்துக்கொண்டார்கள். வேரோனிக்கா ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் ஒரு முதியோர் இல்லத்துக்கு, திரும்பவும் கிழவிகளைக் குளிப்பாட்டப் போனாள்.

மறு வருடம் சூசைதாசனின் பக்டரி மெக்சிகோவுக்குப் போய்விட்டது. ஒரு வருடத்துக்கு மேலாக அவர் வீட்டில் சோபாவில் இருந்தார். வேரோனிக்காவின் உழைப்பில்தான் அடுப்பு எரிந்தது. வெட்கத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசவில்லை. பிறகு எங்கோ சிறிய வேலை ஒன்று கிடைத்தது.

தொண்ணூற்றொன்பதில் அவர்களுடைய நண்பர் இராஜரட்ணம் அஜக்ஸில் வீடு வாங்கிக் குடிபுகுந்தார். விருந்தில் யாரோ ஒருவரின் மகன் அமெரிக்காவுக்குப் போகப்போகிற கதை வந்தது. சூசைதாசன் கையில் கடித்த றோல்ஸோடு எழும்பி நின்றார்.

"ராலி எண்டால் ராலிதான். சுவாத்தியம் திறம், சனம் மரியாதை. ரொச்செஸ்ரர் சரிவராது, சரியான குளிர். நாங்கள் எப்பவோ ராலியிலை இருந்திருப்பம். இவவுக்குத்தான் ரொறன்ரோவை விட்டு வர மனமில்லை."

"ஏன் அக்கா வரமாட்டனெண்டனீங்கள்?" என்று இராஜரட்ணத்தின் மனைவி புனிதவதி கேட்டாள்.

"நான் ரெண்டு ஊருக்கும் போகத்தான் நிண்டனான்" என்றாள் வேரோனிக்கா. குரல் உயரவில்லை. "இவருக்கு என்ர உழைப்பிலை சாப்பிட வெக்கமாம். பிறகு பக்டரி மூடின வருசம் பழகிட்டார்."

புனிதவதி தேத்தண்ணி ஊற்றப்போவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனாள்.

காரில் ஏறியதும் சூசைதாசன் கதவை அடித்துச் சாத்தினார். "சனத்துக்கு முன்னாலை என்னைக் கேவலப்படுத்திப்போட்டீர்."

"ஓம்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு கன நாள் அவர் அவளோடு பேசவில்லை. அது அவளுக்குப் பெரிய குறையாகத் தெரியவும் இல்லை. விடியவே எழும்பிச் சமைத்து, மேசையில் மூடி வைத்துவிட்டு அஜக்ஸுக்குப் பஸ் எடுத்தாள். பின்னேரம் வந்து பார்த்தால் சோற்றுக் கோப்பை காலியாக இருக்கும்.