மஞ்சள் ரெயின்கோட்டும் ஒரு கோணிப்பையும்

1996-ஆம் வருடம், ஜூலை மாதம். நான் அப்போது பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. மேற்குத் தொடர்ச்சி மலையில், பட்டப்பகலிலும் மங்கலாகவே இருக்கும் ஒரு மழைக்காட்டில் சிங்கவால் குரங்குகள் இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஒரே நேர்ப்பாதையில் மெதுவாக நடந்து, நூறு மீட்டருக்கு ஒரு தரம் நின்று, கண்ணில் பட்டதைத் தாளில் குறிக்க வேண்டும். மூன்று வாரமாக நடந்தும் குரங்குக்கான கட்டத்தில் நான் பூஜ்யத்தைத் தவிர எதையும் எழுதவில்லை.

எங்கள் பேராசிரியர் பொறுத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை வரைக்கும்தான் கெடு என்று போனில் சொல்லிவிட்டார். அதற்குள் பார்க்காவிட்டால், இந்தக் காட்டில் குரங்கு இல்லை என்று என் கையெழுத்தோடு அறிக்கை போகும். அதற்குப் பிறகு அந்தக் காட்டை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஊர்க்காரர்கள் எல்லோரும் குரங்கு உண்டு என்கிறார்கள், என் தாள் மட்டும் இல்லை என்கிறது. எனக்கு அழுகையாக வந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில், வழக்கமாக என்னோடு வரும் உள்ளூர் உதவியாளருக்குக் காய்ச்சல். காட்டுக்குள் தனியாகப் போகக் கூடாது என்பது எங்கள் சட்டம். மிச்சம் இருந்தவர் ஜீப் டிரைவர் ஒருவர்தான். பெங்களூர் ஒக்கலிபுரத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். வண்டி ஓட்ட வருவதற்கு முன்னால் சிவாஜிநகர் மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர். காட்டுக்குள் காலே வைத்ததில்லை.

"அட்டை கட்ச்சா செத்துடுவாங்களா மேடம்?" என்று கேட்டார்.

"மாட்டாங்க. பேசாம எனக்குப் பின்னாடியே வாங்க, போதும்" என்றேன். அந்த 'பேசாம'வில் நிறையவே திமிர் இருந்தது.

என் திமிருக்கு இன்னொரு அடையாளம், என் மஞ்சள் ரெயின்கோட். சிவாஜிநகரில் பேரம் பேசி இரண்டு வாங்கியிருந்தேன். கெட்டி பிளாஸ்டிக், தாடைக்குக் கீழே கயிறு போட்டுக் கட்டும் தொப்பி. ஒன்று எனக்கு, இன்னொன்று உதவியாளருக்கு. அவர் அதுவரை கம்பளியை முக்காடு மாதிரி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்தவர். இந்தக் காலத்தில் யார் கம்பளி போடுவார்கள் என்று நான்தான் மாற்ற வைத்தேன். என் மனம் கோணக் கூடாது என்று அவரும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். டிரைவர் மட்டும் அந்தக் கோட்டை வாங்க மறுத்துவிட்டார். "அது அவுருது மேடம்" என்று சொல்லி, ஜீப்பில் கிடந்த கோணிப்பையின் ஒரு மூலையை உள்ளே தள்ளி, மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள் மழைக்குச் செய்வது போலவே கொங்காணி முக்காடாக்கித் தலையில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மழை விடாமல் பெய்தது. முதலில் ஒரு மலை அணில், கிளையோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தது. அப்புறம் பாதையோரச் செடியில், நம் கை படும் உயரத்திலேயே, ஒரு பச்சை விரியன். அதை நான் முதலில் பார்த்துவிட்டதில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டிரைவர் தூரத்தில் நின்றே கும்பிட்டுவிட்டு வந்தார்.

மணி பத்து இருக்கும். மூங்கில் புதரைத் தாண்டித் திரும்பப் போனேன். திடீரென்று யாரோ முதுகுப்பக்கம் கோட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். தொப்பி தோள் வரைக்கும் கிழிந்தது. நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன பண்றீங்க நீங்க?" என்று கத்தினேன்.

அவர் கையை நீட்டிக் காட்டினார். பத்தடி தள்ளி ஒரு காட்டெருமை. புஸ்ஸென்று மூச்சு விட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, மூங்கிலை நொறுக்கியபடி இறங்கிப் போனது.

"மூணு தபா கூப்ட்டேன் மேடம். அது மூச்சு உட்றது எனக்கு அங்கியே கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலியா?"

கேட்கவில்லை. தொப்பியின் மேல் மழை தகர ஷெட்டில் பெய்வது போலப் பெய்துகொண்டிருந்தது. நடந்தால் கோட் சரசரவென்று உரசும். மூன்று வாரமாக நான் கேட்டது என் கோட்டின் சத்தத்தை மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் தன் கோணிப்பையை எடுத்து என் தலையில் போட்டுவிட்டார். டீசலும் வெங்காயமும் கலந்த வாடை. ஆனால் அந்த நிமிடமே காடு வேறு காடாகிவிட்டது. தவளைகள், எங்கேயோ ஓடும் ஓடை, தலைக்கு மேலே ஓர் இருவாச்சி பறந்து போகும் பெரிய சிறகோசை, எல்லாம் தனித்தனியாகக் கேட்டன.

"மேடம், சும்மனே நில்லுங்க" என்றார், மழையில் நனைந்தபடி. "மேலேர்ந்து யாரோ டப்பு டப்புனு எதையோ கட்ச்சிக் கட்ச்சிப் போட்டுக்கினு இருக்காங்க. மழை இல்ல இது. இன்ஜின்ல ஒரு சத்தம் மாறுனாலே எனக்குத் தெரியும்."

அவர் காட்டிய பக்கம் போனோம். ஒரு காட்டுப்பலா மரத்தடி முழுக்கப் பாதி கடித்த பழத் துண்டுகள். அண்ணாந்து பார்த்தேன். கறுப்பு முகம், சுற்றிலும் நரைத்த பிடரி. வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்ட ஒரு தாய் என்னை உற்றுப் பார்த்தது. எண்ணினேன், பதினான்கு. அழுத்தி எழுதியதில் பென்சில் முனை ஒடிந்தது.

அந்த மரம் என் பாதையிலிருந்து முப்பதடிகூட இல்லை. ஒன்பது தடவை அதைக் கடந்து போய், ஒன்பது பூஜ்யம் எழுதியிருக்கிறேன். காட்டோடு பிறந்து வளர்ந்த உதவியாளரின் காதையும் நானே பிளாஸ்டிக்கால் மூடி, பக்கத்திலேயே நடக்க வைத்திருக்கிறேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

தாளில் பார்த்தவர் பெயர் எழுதும் இடத்தில் டிரைவரின் பெயரை முதலில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன். "லைசென்ஸுக்கு அப்பறம் இதுலதான் மேடம் எம் பேரு வருது" என்று சிரித்தார். பழைய பூஜ்யங்களை நான் அழிக்கவில்லை. காதை மூடிக்கொண்டு எடுத்த கணக்கு என்று பக்கத்தில் குறிப்பு எழுதி அனுப்பினேன். பேராசிரியர் நன்றாகவே திட்டினார். ஆனால் குரங்கு உள்ள காடுகளின் பட்டியலில் அந்தக் காடு தங்கிவிட்டது. காய்ச்சல் தெளிந்து வந்த உதவியாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாளே அவர் கம்பளியோடு வந்து நின்றார், எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தார்.

அந்தக் கம்பளி இன்றும் என் பீரோவில் இருக்கிறது. எதையாவது இல்லை என்று எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், மரத்தின் மேலிருந்து குட்டியை அணைத்தபடி என்னைப் பார்த்த அந்த முகம் நினைவுக்கு வருகிறது. இன்னும் ஒரு தரம் போய்க் கேட்டுவிட்டு வருவோம் என்று பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.