ஒரு வருடமாகத் திறக்காதவை

மின்நூல் படிக்கும் கருவிகளில் எதை வாங்குவது என்று பல மாதங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: மெமரி கார்டு போட இடம் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் இருந்தபோது, லீவு நாளெல்லாம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இறக்கிய பழைய தமிழ்ப் புத்தகங்கள் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய இருந்தன. எல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தவை. ஒவ்வொன்றும் ஏகப்பட்ட இடம் பிடிக்கும். நாவல், பயணம், வரலாறு என்று பிரித்து அடுக்கி வைத்திருந்தேன். படிக்கத்தான் இல்லை. நாள் முழுக்க செல்போன் கம்பெனி லைனில் லென்ஸ் வழியே சாலிடரிங் பார்த்த கண், லேப்டாப்பைப் பார்த்தாலே எரியும். கருவி வரட்டும் என்று காத்திருந்தேன்.

என் கணவர் வடக்குப்பட்டுக்காரர். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு வருடமாகத் தொடாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டி வெளியே தூக்கிப் போடுவது அங்கே சட்டம். அந்த ஒழுங்கை வீட்டிலும் செய்து காட்டுகிறவருக்குப் பரிசு என்று வேறு அறிவித்திருந்தார்கள்.

ஒருநாள் நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு கருவியை நீட்டினார். மலிவானது. கார்டு போட இடமில்லை.

"இதுல எல்லாம் அடங்காதுங்க."

"அடங்கிச்சே. ஒரு வருசமா நீ தொறக்காத ஃபைலுங்கள எடுத்துட்டேன். ஒண்ணொண்ணும் யானை சைஸு. இன்னாத்துக்கு அது? இப்ப நீட்டா கீது பாரு."

காலியான ஹார்ட் டிஸ்க்கில் எங்கள் கல்யாண வீடியோவை ஏற்றியிருந்தார். கருவியில் மிஞ்சியது இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் புத்தகங்களும் அவருடைய மெஷின் மேனுவல்களும்தான். கத்தினேன், அழுதேன்.

"படிக்காததுக்கா அழுவுற?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். படித்து முடித்ததற்கு எவளாவது அழுவாளா?

கம்பெனியின் குடும்ப விழாவில் என் ஃபோல்டர்களை 'முன்', 'பின்' என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். 'பின்' வந்ததும் ஒரே கைதட்டல். அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மேனேஜர் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு மைக்கை நீட்டினார்.

"சொல்லுங்க மேடம், வீடு இப்ப எப்படி இருக்கு?"

"படிக்க ஒரு தமிழ்ப் புத்தகம்கூட இல்ல சார்."

என் கணவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அது எப்பவும் இப்பிடித்தான் தமாசா பேசும் சார்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.